இட்லி மீட்பு முன்னணிக்கு நான் மைக் பிடித்த கதை

விளம்பரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என்னைப் பார்க்க வந்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஐயா, ஜனங்களை நம்ம பக்கம் திரும்பிப் பாக்க வைக்கிறது எப்படி?" இதற்கு ஏன் ஓய்வு பெற்றவனைத் தேடி வரவேண்டும்? இடுப்புத் துணி இல்லாமல் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் எங்கள் திருவண்ணாமலையில் அந்த யுக்தியும் பலிக்காது. கோவணத்தோடு நடப்பவர்களை ஊர் நிறையவே பார்த்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை. எனக்கும் ஒரு தையல்காரர் தேர்தலில் நிற்கும் வரை தெரியாது.

எழுபதுகளில் ஒரு ஜட்கா வண்டி, இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, ராஜா என்று ஒரு குதிரை, இவற்றை வைத்து நான் தொழில் தொடங்கினேன். புதுப்படம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகள் என்று எல்லாமே என் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் போயின. பெரிய கட்சிகள் வேலூரிலிருந்து சொந்த மைக்செட் கொண்டுவந்துவிடும். சின்னக் கட்சிகளுக்கு நான்தான் கதி. வேலூர் பஸ் தன் வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்பதற்காகவே ஒருவர் கட்சி ஆரம்பித்தார். கட்சியில் அவரும் அவர் தம்பியும் மட்டும். பஸ் யார் வாசலில் நிற்பது என்ற கொள்கைச் சிக்கலில் அதுவும் இரண்டாக உடைந்தது. இரண்டு பிரிவுக்கும் நான்தான் மைக்.

இவர்களோடு வண்டியில் சுற்றிச் சுற்றி நான் கண்டது ஒன்று. சின்னக் கட்சிக்குக் கொள்கை வேண்டாம், பணம் வேண்டாம், ஆள்கூட வேண்டாம். ஒரு புகார் இருந்தால் போதும். ஆனால் அது எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருக்கிற புகாராக இருக்கவேண்டும்.

அப்படி ஒரு புகார் கண்ணாயிரத்துக்குத் தட்டில் வைத்தே கிடைத்தது.

கண்ணாயிரம் தையல்காரர். தேரடித் தெருவுக்குப் பின்பக்கச் சந்தில் கடை. கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் நிற இன்ச் டேப் தொங்கும். கடை திறப்பதற்கு முன்பு, கோயில் மதிலுக்கு எதிரில் இருந்த ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிடுவார். ஒருநாள் இட்லி அவர் கண்ணுக்கு இளைத்துப்போனதாகத் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் சட்னியை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். இவர் டேப்பை எடுத்து அளந்தார்.

"இன்னா சார், இட்லிக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?" என்று கேட்டார் சர்வர்.

"போன மாசம் இது நாலு இன்ச்சு இருந்துச்சு. இப்ப மூணேகால். மிச்சம் எங்கப்பா போச்சு?"

ஓட்டலே சிரித்தது. கல்லாவில் இருந்த முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அளவு கம்மியா இருந்தா வூட்லயே அவிச்சுச் சாப்புடுங்க!" என்றார்.

கட்சியைப் பெற்றெடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அன்று சாயங்காலமே கண்ணாயிரம் என் வண்டியடிக்கு வந்துவிட்டார். கூடவே டில்லிபாபு. சினிமாக் கொட்டகைக்குச் சுவரொட்டி ஒட்டுகிற வாலிபன். எந்தச் சுவரை ஜனங்கள் பார்ப்பார்கள், எதை மாடு மட்டும் பார்க்கும் என்பது அவனுக்கு அத்துப்படி.

"கட்சி ஆரம்பிச்சிருக்கேங்க. மைக் வேணும்."

"பேரு?"

"இட்லி மீட்பு முன்னணி."

"எத்தினி பேருங்க?"

"நானு தலைவரு. டில்லி பிரச்சாரச் செயலாளரு. எம் மச்சான் பொருளாளரு. அவரு இன்னும் ஒத்துக்கல."

நான் அந்த ஓட்டலுக்கும் விளம்பரம் செய்துகொண்டிருந்தவன். காலையில் 'ஆவி பறக்கும் இட்லி' என்று கூவிய அதே குரலில் சாயங்காலம் 'அளவு குறைந்த இட்லி' என்று கூவினேன். ஜனங்கள் இரண்டையும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டு போனார்கள். வாடகைக் குரலின் வசதி அது.

முதல் பிரச்சாரம் படுதோல்வி. அறிக்கை ஒன்று எழுதி நிருபரிடம் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து செய்தி எழுதி, கவரில் போட்டு வேலூர் பஸ்ஸில் அனுப்பிவிடுகிற மனிதர் அவர். அறிக்கையைப் படித்துவிட்டு அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார்.

"கண்ணாயிரம் இட்லி சின்னதுன்றாரு. ஓட்டல்காரரு இல்லைன்றாரு. இதுல இன்னா நியூஸ் கீது? எதுனா நடக்கட்டும், வர்றேன்."

கண்ணாயிரம் வாடிவிட்டார். டில்லியின் கண்களோ மின்னின. "கேட்டீங்களா தலைவரே, எதுனா நடக்கணுமாம்!" என்றான். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு வேறு கொள்கை கிடையாது.

நடந்தது. மறுநாள் ஓட்டல் வாசலில் மூன்று பேரும் நின்று, பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி, இட்லியை அளந்து, அளவைச் சத்தமாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் நான்தான், மைக்கோடு. பெரிய கட்சிக்காரர்கள் தோளில் துண்டு போடுகிற மாதிரி டேப்பைத் தோளில் குறுக்காகப் போடச் சொன்னேன். கொடிக்குத் துணிகூடத் தேவைப்படவில்லை. மஞ்சள் டேப் போட்ட ஆளை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பத்திரிகையில் மூன்று வரி வந்தது. மேலே காணாமல் போன பசுமாடு, கீழே கண் சிகிச்சை முகாம், நடுவில் இட்லி மீட்பு முன்னணி.

கண்ணாயிரம் அதைக் கத்தரித்து, கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அதற்குப்பிறகு தையல் கடைக்குத் துணி வரவில்லை, புகார்கள் வந்தன. வடையில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது என்று ஒருவர் வடையோடு வந்தார். சோப்புக்கட்டி மெலிந்துவிட்டது என்று ஒருவர். பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று வந்த அம்மாளிடம், பாலை டேப்பால் எப்படி அளப்பது என்று தலைவரும் செயலாளரும் வெகுநேரம் யோசித்தார்கள். ஒருவரையும் 'இது எங்க வேலை இல்லை' என்று திருப்பி அனுப்பவில்லை. எல்லாவற்றையும் முன்னணி ஏற்றுக்கொண்டது. வடையைச் சாப்பிட்டதும் முன்னணிதான்.

கண்ணாயிரத்தின் மனைவி தனலட்சுமி மட்டும் கட்சியில் சேரவில்லை. ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, ஊர் இட்லியெல்லாம் அளக்கறாரே, பக்கத்து வூட்டம்மா ஜாக்கெட்டை எப்ப அளப்பாரு? கல்யாணமே முடிஞ்சிபோச்சு. இதோ, கடை எதிர்ல சாக்கடைக்கு மூடி இல்ல. போன வாரம் ஒரு பெரியவரு வுழுந்து காலை ஒடிச்சுக்கினாரு. அதைக் கேளுங்கன்னு சொன்னா, அது நியூஸ் ஆவாதாம். டில்லி சொல்றான்."

"அது நியூஸ் ஆவாதுதாங்க" என்றேன் நான், தொழில் தெரிந்தவனாக. அந்த அம்மாள் என்னையும் டில்லி கணக்கில் சேர்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் நகராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. கண்ணாயிரம் தன் வார்டில் மனுப் போட்டார். சின்னமாக இட்லி கேட்டார். அதிகாரி பட்டியலைப் புரட்டிவிட்டு, "இட்லி இல்லீங்க, பூட்டு இருக்குது" என்றார்.

"இட்லிக்கும் பூட்டுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்று கண்ணாயிரம் உடைந்துபோய்க் கேட்டார்.

டில்லி அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான். "சூப்பர் தலைவரே! 'களவு போகும் இட்லிக்குப் போடுவோம் பூட்டு!' எதுகை மோனை எல்லாம் தானா வருது பாருங்க!"

வராவிட்டாலும் அன்றே சுவரில் எழுதிவிட்டான்.

பெரிய கட்சிகளின் ஊர்வலங்களுக்கு நடுவில் எங்கள் ஜட்கா யார் கண்ணிலும் படவில்லை. அப்போது டில்லி ஒரு யோசனை சொன்னான். இவ்வளவு பெரிய இட்லியை இந்த உலகம் பார்த்ததில்லை என்கிற அளவுக்கு ஒரு இட்லி செய்து, கட்டை வண்டியில் ஏற்றி, ஊர்வலமாகக் கொண்டுபோய், அந்த ஓட்டல் எதிரிலேயே நிறுத்தித் தலைவர் அளக்கவேண்டும். நிருபரிடம் சொன்னோம். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போட்டோகிராபரைக் கூட்டியாரேன்" என்றார்.

போளூர் ரோட்டில் ஒரு ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற தொட்டியை இரவல் வாங்கினோம். இட்லித் துணியைக் கண்ணாயிரமே தைத்தார். அந்த மாதம் அவர் தைத்த ஒரே உருப்படி அதுதான். தனலட்சுமி மாவை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தடிமனா ஊத்துனா நடுவுல வேகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. வெளியே பார்க்க அருமையாக வந்தது. வெள்ளை வேட்டியால் மூடி, மல்லிகைச் சரம் சாத்தி, மேளத்தோடு கிளம்பினோம். வெயில் ஏற ஏற வேட்டிக்குள்ளிருந்து புளித்த வாசனை வந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வாசனையே பிரச்சாரம் செய்துகொண்டு போனது.

பிள்ளைகளே, அப்படி ஒரு கூட்டத்தை அந்தத் தெருவில் நான் திருவிழா நாட்களில்தான் பார்த்திருக்கிறேன். ஓட்டலின் மாடியில் நிருபரும் போட்டோகிராபரும் நின்றார்கள். ஓட்டல் முதலாளி கல்லாவிலேயே இருந்தார். நான் ஜட்காவின் மேல் நின்று, "இதோ, உங்கள் கண்முன்னே!" என்று கூவினேன். டில்லி வேட்டியை உருவினான். கண்ணாயிரம் டேப்பை விரித்தார்.

கோயில் மதில் மேல் ஒரு குரங்கு எழுந்து நின்றது.

முதல் குரங்கு நேராக இட்லியின் உச்சியில் குதித்தது. தனலட்சுமி சொன்னது சரி. நடுவில் வேகவே இல்லை. குரங்கு இடுப்பு வரை உள்ளே போய், வெள்ளையாக வெளியே வந்தது. மதில் மேல் இருந்த அதன் சொந்தபந்தங்களுக்கு அது என்ன சேதி சொன்னதோ, எல்லாமே இறங்கிவிட்டன. ஒன்று கண்ணாயிரத்தின் தோளில் ஏறி, டேப்பை உருவிக்கொண்டு ஓட்டல் பெயர்ப்பலகை மேல் போய் உட்கார்ந்து, அதைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டது. இன்னொன்று கைநிறைய மாவை எடுத்துத் தலைவரின் நெற்றியில் அப்பியது. கூட்டம் சிரித்து உருண்டது.

அதுவரை எல்லாம் வேடிக்கைதான். யாரோ ஒருவன் பலகை மேல் இருந்த குரங்கை நோக்கிச் செருப்பை வீசினான். அது ஜன்னலில் பட்டுக் கண்ணாடி உடைந்தது.

கண்ணாடி உடைகிற சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் நிற்பவனுக்கு அது விபத்து. பின்னால் நிற்பவனுக்கு அது சண்டை. "ஓட்டல்காரன் ஆளுங்க அடிக்கறாங்கடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டம் நெருக்கியது. வண்டி மாடுகள் முரண்டு பிடித்தன. ஓட்டலுக்குள் சர்வர்கள் கதவுப் பலகைகளை எடுத்துச் செருக ஆரம்பித்தார்கள். உள்ளே குழந்தைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். என் வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் குனிந்து செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தான்.

டில்லி ஜட்காவில் தாவி ஏறி என் காதில் சொன்னான். "அண்ணே, ஓட்டல்காரன்தான் பொரி போட்டுக் கொரங்கை வரவழைச்சான்னு சொல்லுங்கண்ணே! நாளிக்கு மொதப் பக்கம்ணே!"

நான் கண்ணாயிரத்தைப் பார்த்தேன். நெற்றியில் மாவு வழிந்துகொண்டிருந்தது. டேப் இல்லாத கழுத்து யாரோ வேற்றாளுடையது போல இருந்தது. அவர் நின்ற கட்டை வண்டி ஜட்காவை ஒட்டியே நின்றதால், டில்லி சொன்னது அவருக்கும் கேட்டது. 'வேண்டாம்' என்று அவர் சொல்லவில்லை. ஒருமுறை மாடியை, அங்கிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடுத்து என் வாயிலிருந்து என்ன வருமோ அதைத்தான் அந்தத் தெரு செய்யப்போகிறது. அது எனக்குத் தெரிந்தது. 'அமைதி, அமைதி' என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் அமைதியாக இருங்கள் என்று மைக்கில் கேட்டால், என்னவோ நடந்துவிட்டது என்றுதான் கூட்டம் புரிந்துகொள்ளும். தீபத்துக் கூட்டங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். டில்லியைக் கையால் தள்ளிவிட்டு, கட்சிக்காரர்கள் மாநாட்டில் பேசுகிற குரலை எடுத்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு! கோயில் மதில் பகுதியைச் சேர்ந்த தோழர்கள், இன்று இட்லி மீட்பு முன்னணியில், கூண்டோடு இணைந்துள்ளார்கள்!"

கூட்டத்தின் தலைகள் எல்லாம் மதில் பக்கம் திரும்பின.

"சேர்ந்த உடனே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்! எனவே பழைய உறுப்பினர்கள் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்! புதிய தலைவர் பெயர்ப்பலகை மேல் அமர்ந்திருக்கிறார்! அவர் பதவியேற்புக்கு டேப்போடு வந்திருக்கிறார்!"

சிரிப்பு முன்வரிசையில் வெடித்து, பின்னால் போய், தெரு முனை வரைக்கும் ஓடியது. சிரித்துக்கொண்டே செங்கல் வீச முடியாது, நீங்களே வேண்டுமானால் முயன்று பாருங்கள். அந்த ஆள் செங்கல்லைக் கீழே போட்டு, புதுத் தலைவரை நன்றாகப் பார்ப்பதற்காக அதன் மேலேயே ஏறி நின்றான்.

சிரிக்காதவர் கண்ணாயிரம் ஒருவர்தான். வண்டியிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஓட்டலை நோக்கி நடந்தார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓட்டல் படியில் போய், வாசலுக்குக் குறுக்கே, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. பலகையை விலக்கிக்கொண்டு முதலாளி வெளியே வந்தார், கையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"அடி கிடி எதுனா பட்டுதா?"

"இல்லீங்க."

"நெத்தியைத் தொடைங்க. மாவு கண்ணுல எறங்குது."

இதை முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கூட்டம் மெல்லக் கலைந்தது. மாடியில் போட்டோகிராபர் இதைப் படம் எடுக்கவில்லை. அவருக்கு வேண்டிய படம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

மறுநாள் முதல் பக்கத்தில், ஓட்டல் பெயர்ப்பலகை மேல் இன்ச் டேப் அணிந்த குரங்கு. 'இட்லி முன்னணியில் குரங்குகள் கூண்டோடு இணைந்தன' என்று தலைப்பு. ஊர்வலத்தன்று என்னை முறைத்துவிட்டுப் போன டில்லி, மாலையோடு வந்தான். "அண்ணே, நீங்க சொன்னதையே தலைப்பாப் போட்டுட்டாங்கண்ணே!"

அந்தப் படம் மெட்ராஸ் பத்திரிகைகளிலும் வந்தது. பக்கத்து ஊர்களான சேத்துப்பட்டிலிருந்தும் செங்கத்திலிருந்தும் கண்ணாயிரத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவரும் ஏதோ சாமியார் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒருவர் காலிலும் விழுந்தார். கண்ணாயிரம் பழக்கத்தில் அவர் தோள் அகலத்தை அளந்து அனுப்பினார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் டில்லிக்குக் குரங்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வேர்க்கடலை இறைத்து அவற்றை வரவழைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை ஊர் வரைக்கும் போய்க் கூட்டம் போட்டோம். அது எங்கள் வார்டே இல்லை. "தலைவரே, அங்க கொரங்கு ஜாஸ்தி" என்றான். கண்ணாயிரம் இட்லியைப் பற்றிப் பேசும்போது ஜனங்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தன் பக்கம் திருப்ப அவர் வாக்குறுதிகளைக் கூட்டிக்கொண்டே போனார். மலையைச் சுற்றி வருகிற பாதை முழுக்க இட்லிக்கடை என்றார். வீட்டுக்கு ஒரு ஆட்டுக்கல் என்றார். ஒருநாள் ஆர்வத்தில் கோயில் தேரை இட்லியிலேயே செய்வோம் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் 'தட்டு அகல இட்லி' என்றார். இன்னொருவர் கூடவே இரண்டு வகைச் சட்னி என்றார். பூட்டுச் சின்னம் கையில் இருந்தும் எங்கள் கோரிக்கை களவு போய்விட்டது.

ஓட்டு எண்ணினார்கள். கண்ணாயிரத்துக்கு டெபாசிட் போனது. அவரைப் பார்க்க வந்து போன அத்தனை பேரில் அந்த வார்டில் ஓட்டு உள்ளவர்கள் சொற்பம். ஊரே திரும்பிப் பார்த்தது, உலகத்தில் பாதி திரும்பிப் பார்த்தது, அவர் கடை இருந்த பின் சந்து மட்டும் பார்க்கவில்லை. ஜெயித்தவர் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்த ஒரு சுயேச்சை. தேர்தலுக்கு முன்பு அந்தச் சாக்கடையின் மேல் சத்தமில்லாமல் கல் பலகைகளைப் போட்டு மூடியிருந்தார். அவர் மைக்கே பிடிக்கவில்லை. என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய அவமானம் ஒன்று நடந்ததில்லை.

ஆறுதல் சொல்லக் கடைக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. "காலையிலேருந்து சாப்புடலண்ணே" என்றார் தனலட்சுமி. அவர் குரலில் கேலி இல்லை. கண்ணாயிரம் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சிரிச்சாங்க. சிரிக்கட்டும், நானே சிரிக்க வேண்டியதுதான்" என்றார். "ஆனா நெசமாவே இட்லி சின்னதாத்தாங்க ஆச்சு. நான் பொய் சொல்லல. இம்மாம் பேரு வந்தாங்களே, இட்லி இன்னா ஆச்சுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

ஊர் முழுக்கக் கூவிய நானும் கேட்டதில்லை.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். ஓட்டல் முதலாளி உள்ளே வந்து, ஜாக்கெட் துணிகளை நகர்த்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெறகு மிச்சமாவும்னு புது இட்லித் தட்டு வாங்கினேங்க. அதுல குழி சின்னது. நீங்க அளந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். நாலு பேரு எதிர்ல கேட்டுட்டீங்க, ஒத்துக்க மனசு வரல. அப்பால நீங்க கட்சியெல்லாம் ஆரம்பிச்சீங்களா, இன்னும் வீம்பு ஜாஸ்தியாயிடுச்சு." நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு நீங்க என் படியில வந்து உக்காரலன்னா என் கடை இருந்திருக்காது. நாளையிலேருந்து பழைய தட்டையே போடச் சொல்லிட்டேன். காலையில வாங்க."

அதற்குள் மூச்சிரைக்க வந்து நின்ற டில்லி, "தலைவரே, வெற்றி! போட்டோகிராபரைக் கூட்டியாரேன்!" என்று திரும்பினான்.

"வேணாம்பா" என்றார் கண்ணாயிரம். "கூட்டியாந்தா கொரங்கு எங்கன்னு கேப்பாரு."

மறுநாள் காலையில் டில்லியையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் அந்த ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லி தட்டை நிறைத்துக்கொண்டு வந்தது. புது டேப் அவர் கழுத்தில் இருந்தது. "அளக்கலையாங்க?" என்றேன். "சாப்புடும்போது எவனாச்சும் அளப்பானா?" என்று கண்ணாயிரம் சட்னியை வாங்கிக்கொண்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நிருபரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். நல்ல மனுஷர், உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு டீயை ஊதிக்கொண்டே, "ஆக, சண்டை முடிஞ்சிபோச்சு. அப்பறம் அதுல இன்னா நியூஸ் கீது?" என்றார்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்று ஜட்காவைப் பூட்டினேன். தேரடித் தெரு, சின்னக்கடைத் தெரு, பஸ் ஸ்டாண்டு என்று ஊர் முழுக்கச் சுற்றி, இட்லி பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது, கண்ணாயிரம் கேட்டது கிடைத்துவிட்டது என்று தொண்டை கட்டும் வரை கூவினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒருவராவது காதில் வாங்கினாரே என்று குனிந்தேன்.

"ஏம்ப்பா," என்றார், "கொரங்கு எத்தினி மணிக்கு?"